ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்வரக் காசில்லை: ஏமன் போர் குறித்து வாசகர் கேள்விகள்

ஏமனில் 2021 இறுதிவரை போரால் 3,77,000 பேர் இறந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் பசியாலும் நோயாலும் மருத்துவம் கிடைக்காமலும் இறந்தவர்கள் என்றும் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டதைச் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: போர் நடக்கும் நாட்டில் அரசு ஆஸ்பத்திரியும் தொண்டு நிறுவன ஆஸ்பத்திரியும் இலவசம் என்கிறார்கள். பிறகு ஏழைகள் ஏன் போவதில்லை? எல்லாம் குண்டு விழுந்து இடிந்துவிட்டனவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை

இடிந்தவை உண்டு. 2015 அக்டோபர் 26 அன்று சஅதா மாகாணத்தின் ஹைதானில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த ஆஸ்பத்திரி வான்தாக்குதலில் தகர்ந்தது. 2016 ஆகஸ்ட் 15 அன்று ஹஜ்ஜா மாகாணத்தின் அப்ஸ் ஆஸ்பத்திரி தாக்கப்பட்டு 19 பேர் இறந்தார்கள். அதையடுத்து அந்த அமைப்பு வடக்கே ஆறு ஆஸ்பத்திரிகளிலிருந்து தன் ஊழியர்களை வெளியே எடுத்தது. இதெல்லாம் செய்தியில் வந்தது. செய்தியில் வராதது வேறு.

2016-ல் உலக சுகாதார நிறுவனம் 16 மாகாணங்களில் 3,507 சுகாதார நிலையங்களைக் கணக்கெடுத்தது. முழுதாக இயங்கியவை 45 சதவீதம். மூடிக்கிடந்தவை 17 சதவீதம். நடுவிலுள்ள 38 சதவீதம் ‘ஓரளவு இயங்குபவை’. ஏழையின் கஷ்டம் பெரும்பாலும் இந்த 38-க்குள்தான் இருக்கிறது. கட்டடம் இருக்கும், கதவும் திறந்திருக்கும். காலையில் சில மணி நேரம் ஒரு நர்ஸ் இருப்பார். மருத்துவர் இருக்க மாட்டார், அல்லது மருத்துவர் இருந்து மருந்து இருக்காது, அல்லது இரண்டும் இருந்து லேபுக்குக் கரண்ட் இருக்காது. அதே கணக்கெடுப்பில் 276 மாவட்டங்களில் 49-ல் ஒரு மருத்துவர்கூட இல்லை.

இலவசம் என்ற சொல் சீட்டு எழுதும் இடத்தோடு நின்றுவிடுகிறது. மலைக்கிராமத்தில் ஒரு குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் முற்றி மூச்சு இரைக்கிறது என்று வையுங்கள். முதல் செலவு வண்டி. கிராமத்தில் பஸ் கிடையாது, யாரிடமாவது பிக்கப் வண்டி இருக்கும், அதை வாடகைக்குப் பேச வேண்டும். பெட்ரோல் கிடைக்காத வாரங்களில் அந்த வாடகையே ஒரு மாதச் சாப்பாட்டை விழுங்கும். அடுத்து, கூடப் போகிறவர்: தாய் மட்டும் தனியாகப் போக முடியாது, தந்தையோ அண்ணனோ போனால் அவருடைய அன்றாடக் கூலி போய்விடும். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை இல்லையென்றால் வெளியே தனியார் லேப். மருந்து இல்லையென்றால் வெளியே மருந்துக்கடை. தங்கினால் கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்.

இத்தனையையும் கூட்டிப் பார்க்கும் குடும்பம் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறது. முதலில் மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டு இரண்டு நாள் மாத்திரை. சரியாகவில்லை என்றால் ஆட்டை விற்பது. பிறகு பெண்ணின் நகை. கடைசியில் மளிகைக்கடைக்காரரிடமும் உறவினரிடமும் கடன். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளோ இரண்டு நாளோ கழிகிறது. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது வாய்வழி மருந்தில் குணமாகியிருக்க வேண்டிய நோய்க்கு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. அந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் இருக்காது. நகரத்துக்கு அனுப்புவார்கள். மறுபடி வண்டி வாடகை.

போருக்கு முன்பும் ஏமன் மக்கள் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தங்கள் கையிலிருந்துதான் கொடுத்துவந்தார்கள். நோயாளியிடம் பங்குக்கட்டணம் வாங்கும் முறை 1990-களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. போர் வந்தபோது செலவு கூடியது, கொடுக்கும் கை வெறுங்கையானது.

கேள்வி: மத்திய வங்கி இடம் மாறியதால் நோயாளிகள் இறந்தார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன தொடர்பு?
— வங்கி ஊழியர், மதுரை

நேரான தொடர்பு. எங்களைக் கேட்டால், ஏமன் சுகாதாரத்துறைக்கு விழுந்த பேரடி இதுதான் என்போம்.

2014 செப்டம்பரில் வடக்கிலிருந்து வந்த ஹூதி கிளர்ச்சியாளர்கள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச் 26 அன்று, அதிபர் ஹாதியின் அரசுக்கு ஆதரவாக, சவூதி தலைமையிலான கூட்டணி குண்டுவீச்சைத் தொடங்கியது. ஆனாலும் 2016 ஆகஸ்ட் வரை சனாவிலிருந்த மத்திய வங்கி இரு தரப்புப் பகுதிகளிலும் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. 2016 செப்டம்பரில் அதிபர் ஹாதி வங்கியின் தலைமையகத்தைத் தன் தரப்பின் கையிலிருந்த தெற்குத் துறைமுக நகரமான ஏடனுக்கு மாற்ற உத்தரவிட்டார். அந்தக் காலத்திலிருந்து ஏறத்தாழ 12.5 லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளம் நின்றது, அல்லது எப்போதாவது பாதியாக வந்தது. அவர்களில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் சுகாதார ஊழியர்கள்.

இதில் இரண்டு அடி. ஒன்று, மருத்துவம் பார்ப்பவருக்குச் சம்பளமில்லை. இன்னொன்று, நோயாளிகளில் பெரும்பகுதியே ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், நகராட்சித் தொழிலாளர்கள் ஆகியோரின் குடும்பங்கள், அவர்களுக்கும் சம்பளமில்லை. ஒரு சம்பளத்தை நம்பி ஆறேழு பேர் இருக்கும் வீடுகள் அவை. நடுத்தரமாக இருந்தவர்கள் சில மாதங்களில் ஏழைகள் ஆனார்கள்.

சம்பளமில்லாத மருத்துவர் காலையில் அரசு ஆஸ்பத்திரியில் தலைகாட்டிவிட்டு மதியத்துக்கு மேல் தனியார் கிளினிக்கில் உட்காருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆஸ்பத்திரியை நடத்துபவர் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க நோயாளிகளிடம் கட்டணம் வசூலிப்பார். 100 கேவிஏ ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினாலே மணிக்கு 11, 12 லிட்டர் குடிக்கும். நாள் முழுக்க ஓடினால் 260 லிட்டருக்குக் குறையாது. மாரிப் எரிவாயு மின்நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் 2015-ல் நின்றபின் சனாவில் அரசு மின்சாரமே இல்லாமல் போனது. ஆகவே டீசல் விலை ஏறும்போதெல்லாம் பிரசவக் கட்டணமும் ஏறியது.

உதவி அமைப்புகள் சுகாதார ஊழியர்களுக்கு ‘ஊக்கத்தொகை’ கொடுத்துப் பல நிலையங்களை ஓட வைத்தன. 2017 ஜனவரியில் உலக வங்கி யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் வழியாகத் தொடங்கிய அவசர சுகாதாரத் திட்டம் இல்லையென்றால் இன்னும் பல மூடியிருக்கும். அதில் சிக்கல்களும் இருந்தன. உதவி கிடைத்த நிலையத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் நர்ஸ்கள் போய்விட்டார்கள். பக்கத்து ஊர் நிலையம் பூட்டப்பட்டது. காலராவுக்கு ஒரு தொகை, சத்துக்குறைவு வார்டுக்கு வேறு தொகை என்று இருந்த இடங்களில் பணம் வரும் வார்டில் ஆள் குவிந்தது, பிரசவ வார்டில் ஆளில்லை. திட்டக்காலம் முடிந்த மாதமே ஆள் நின்றுபோன நிலையங்களும் உண்டு.

இனி நாணயம். போருக்கு முன் ஒரு டாலருக்கு 215 ரியால். 2019 இறுதியில், ஏடன் அச்சிட்ட புதிய நோட்டுகளை ஹூதிகள் தங்கள் பகுதியில் தடை செய்தார்கள். ஒரே நாட்டில் ஒரே பெயரில் இரு நாணயம். 2021 இறுதியில் ஏடன் பக்கம் டாலருக்கு 1,700 ரியால் வரை போனது. சனா பக்கம் 600-ஐ ஒட்டி நின்றது. 10 டாலர் மருந்து ஏடனில் 2,150 ரியாலிலிருந்து 17,000 ஆயிற்று. 50,000 ரியால் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால், போருக்கு முன் அது 230 டாலர், அந்த டிசம்பரில் 30 டாலருக்கும் கீழ். ஏடனில் வேலை பார்ப்பவர் சனாவிலிருக்கும் தாயின் மருந்துக்குப் பணம் அனுப்பினால், மாற்று விகிதத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். சம்பளம் வந்துகொண்டிருந்த தெற்கில் அதன் மதிப்பு போனது. மதிப்பு ஓரளவு நின்ற வடக்கில் சம்பளம் வரவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஏமனுக்கு வேலைக்குப் போன நர்ஸ்கள் 2015-ல் திரும்பிவந்தார்கள். அவர்கள் இடத்தில் யார் வந்தார்கள்?
— செவிலியர், நாகர்கோவில்

பல இடங்களில் யாரும் வரவில்லை. 2015 ஏப்ரலில் ‘ஆபரேஷன் ராஹத்’ வழியாக இந்திய அரசு 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும் 900-க்கும் மேற்பட்ட பிற நாட்டவரையும் வெளியே கொண்டுவந்தது. அதில் கேரளத்தைச் சேர்ந்த நர்ஸ்கள் நிறையப் பேர். ஏமனின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், குறைமாதக் குழந்தைப் பிரிவு போன்ற இடங்களில் வெளிநாட்டு நர்ஸ்களை நம்பியிருந்தார்கள். அங்கே ஆளைப் பழக்க மாதங்கள் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கருவிகள் இருந்தும் படுக்கைகளை மூட வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள்.

வெளிநாடு போவதும் சுருங்கியது. மும்பைக்கும் பிற இந்திய நகரங்களுக்கும் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஏமன்காரர்கள். 2016 ஆகஸ்டில் சனா விமான நிலையம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. மறுபடி முதல் பயணிகள் விமானம் அம்மானுக்குக் கிளம்பியது 2022 மே 16 அன்று. இடைப்பட்ட காலத்தில் வடக்கின் புற்றுநோயாளிகள் போர்முனை தாண்டி ஏடனுக்கோ கிழக்கே உள்ள சையூனுக்கோ தரைவழியே பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து விமானம் ஏற வேண்டும். அந்த வண்டிச் செலவைத் தாங்கியவர்களுக்கும் உடம்பு தாங்கவில்லை.

கேள்வி: மருந்து இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தார்களா? மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் கேட்கிறேன்.
— ஈரோடு

மருந்தின் பெயரைச் சொல்லித் தடை இல்லை. ஏமன் தன் மருந்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, கோதுமையைப் போலவே. இறக்குமதியில் ஏறத்தாழ 70 சதவீதம் ஹுதைதா துறைமுகம் வழியாக வந்துகொண்டிருந்தது. 2015 ஆகஸ்டில் அதன் கிரேன்கள் குண்டுவீச்சில் உடைந்தன. மாற்றாக உலக உணவுத் திட்டம் அனுப்பிய நான்கு கிரேன்கள் 2017 ஜனவரியில் திருப்பி அனுப்பப்பட்டு, 2018 ஜனவரியில்தான் வந்திறங்கின. 2016 மே முதல் எதிர்க்கரை நாடான ஜிபூத்தியில் ஐ.நா.வின் கப்பல் சோதனை முறை ஒன்று நடந்தது; அது அனுமதித்த பின்னும் சவூதி கூட்டணியின் அனுமதிக்காகக் கப்பல்கள் கடலில் காத்துக்கிடந்தன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல் வாடகை, போர்க்கால இன்சூரன்ஸ். 2017 நவம்பர் 6 அன்று எல்லாத் துறைமுகங்களும் விமான நிலையங்களும் மூடப்பட்டபோது பெட்ரோல், டீசல் விலை எகிறி, பம்புகளுக்கு எரிபொருள் இல்லாமல் சஅதா, தஇஸ், ஹுதைதா நகரங்களில் குடிநீரே நின்றது.

உங்கள் தொழிலில் உள்ளவருக்கு அடுத்த விஷயம் உடனே புரியும்: 2 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டிய மருந்துகள். சனா விமான நிலையம் மூடியபின் இன்சுலின், சில புற்றுநோய் மருந்துகள் ஏடனில் இறங்கி லாரியில் மலையேறின. இரு தரப்பும் சுங்கம் வாங்கின. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் வண்டி நிற்கும். குளிர்சாதனம் ஓட டீசல் தீரும். கெட்டுப்போன இன்சுலினைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அது கடைக்கு வந்து விற்பனையும் ஆகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று நோயாளி இன்னொரு பாட்டில் வாங்குவார்.

காசில்லாதவர் அளவைக் குறைக்கிறார். ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள 10 மில்லி பாட்டில், நாளைக்கு 40 யூனிட் போடுபவருக்கு 25 நாள் வரும். அதை 50 நாளாக்குகிறார்கள். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு அப்படிச் செய்தால் சில நாட்களில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மயக்கம் வந்துவிடும். கரண்ட் இல்லாத வீட்டில் திறந்த பாட்டிலை ஈரமணல் போட்ட இரட்டை மண்பானையில் வைக்கச் சொல்லித்தருவார்கள். வறண்ட காற்றுள்ள உள்நாட்டில் அது நன்றாகக் குளிரும். புழுக்கமான ஹுதைதாக் கடற்கரையில் தண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை, பானை அவ்வளவாகக் குளிர்வதில்லை. வெயில் மிக அதிகமும் பணம் மிகக் குறைவும் அங்கேதான்.

கேள்வி: பத்து லட்சம் பேருக்குக் காலரா வரக் காரணம் கிருமியா, வறுமையா?
— கல்லூரி மாணவி, திருச்சி

கிருமி இல்லாமல் காலரா இல்லை. அந்தக் கிருமி 2016 அக்டோபரிலேயே வந்துவிட்டது. 2017 ஏப்ரல் கடைசியில் அது காட்டுத்தீயாக மாறியதற்கும், அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று பதிவானதற்கும், 2,200-க்கு மேல் இறந்ததற்கும் காரணங்கள் வேறு. சனாவின் குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலைநிறுத்தம். கழிவுநீர் நிலையத்துக்கு மின்சாரம் இல்லை. குடிநீர்ப் பம்புக்கு டீசல் இல்லை. காசுள்ளவர் லாரித் தண்ணீர் வாங்கினார், மற்றவர்கள் திறந்த கிணற்றுக்குப் போனார்கள். கொதிக்கவைத்துக் குடி என்று சொன்னால், கொதிக்கவைக்கக் காஸ் வேண்டும்.

காலராவுக்கு வைத்தியம் மிக மலிவு. தண்ணீரும் உப்பும் நேரத்துக்குக் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. கடும் காலராவை அப்படியே விட்டால் பாதிப்பேர் வரை இறப்பார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் போட வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு, உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தட்டைத் தேக்கரண்டி உப்பு. குவித்து அள்ளக் கூடாது. ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குட்பட்டால் 10, நாளைக்கு ஒருமுறை, 10 முதல் 14 நாள். தண்ணீருக்கு 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்கு. போட்டு அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

கண் குழிந்து, நாடி தளர்ந்து, குடிக்கவே முடியாத நிலைக்குப் போனவருக்கு வாய்வழி நீர் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் நரம்பு வழியே ஏற வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 6 லிட்டர்: முதல் அரைமணியில் 1.8 லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் 4.2 லிட்டர். அதன் பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கும்வரை ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு ஏழு லிட்டர் சலைனை எந்தக் கிராம நிலையமும் நோயாளிக்கு நோயாளி வைத்திருக்காது. ஆக, வீட்டிலிருந்து கிளம்ப எத்தனை மணி நேரம் ஆனது என்பதிலேயே உயிர் நின்றது. வண்டிக்குக் காசு புரட்டக் காலையிலிருந்து மாலைவரை ஆகிவிட்ட குடும்பம் தாமதித்துச் சேர்ந்தது. தொலைதூர மலைக்கிராமங்களில் முதியவர்கள் அதிகம் இறந்தது அதனால்.

வாய்வழித் தடுப்பு மருந்து முகாம் 2018 மே மாதம்தான் ஏடனில் முதலில் நடந்தது. 2024-ல் மறுபடி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்குக் காலரா சந்தேகம் பதிவானது. குழாயும் பம்பும் சம்பளமும் சரியாகாத இடத்தில் அது திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: என் அண்ணனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். அங்கே இந்த நோயாளிகள் என்ன செய்கிறார்கள்?
— சேலம்

இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். 2018-ல் செஞ்சிலுவைச் சங்கம் சொன்ன கணக்கு: ஏமனில் 4,400 சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகள், 32 டயாலிசிஸ் மையங்களில் நான்கு மூடப்பட்டு மீதி 28 தட்டுத்தடுமாறி இயங்கின, போர் தொடங்கியதிலிருந்து ஆண்டுதோறும் நோயாளிகளில் கால்வாசிப்பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர். அதைத் தயாரிக்க அதைவிட எவ்வளவோ அதிகமான குழாய்த் தண்ணீர். கூடவே வடிகட்டி, ரத்தக் குழாய்கள், இரண்டு ஊசி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், அமிலக் கரைசல், பைகார்பனேட். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு மெஷின் ஓடாது. பற்றாக்குறையைச் சமாளிக்க மூன்று முறையை இரண்டாக்கினார்கள். இரண்டு முறைகளுக்கு நடுவே நாள் நீளும்போது நீர் கோத்து மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும். மையம் கட்டணம் வாங்காவிட்டாலும், வாரம் இரண்டு பயணம் என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல். மையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துக் குடும்பத்தோடு குடிவந்தவர்கள் உண்டு. நிலத்தை விற்று வந்தவர்களுக்கு அதன்பின் வருமானம் ஏது?

கேள்வி: பெண்களுக்குச் செலவு இரட்டிப்பு என்பது உண்மையா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

ஆம். தந்தை, கணவர், சகோதரர் போன்ற ஒருவர் கூட வராமல் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு ஹூதிப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளில் இறுகிவிட்டது. கர்ப்பிணிக்கு ஒரு டிக்கெட் என்றால் கூட வருபவருக்கு இன்னொன்று. கிராமங்களுக்குப் போக வேண்டிய பெண் ஊழியர்களுக்கும் அதே விதி. அவர்களுடன் வரும் ஆணுக்கும் அமைப்புதான் செலவு செய்ய வேண்டும், முடியாதபோது பயணம் ரத்து.

சோதனைச் சாவடிகளும் இதில் சேரும். தஇஸ் நகரத்துக்கும் அதன் ஹவ்பான் பகுதிக்கும் இடையே போருக்கு முன் சில நிமிடங்கள்தான். போர்முனை நடுவே விழுந்தபின் மலையைச் சுற்றி ஐந்து, ஆறு மணி நேரம். அந்த வழி 2024 ஜூனில்தான் திறந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்ணுக்கு இரண்டு மணி நேரம்கூட அதிகம். இதற்குப் பயன்பட்டது, ஊரிலேயே பயிற்சி பெற்ற மருத்துவச்சி. அவருக்கு மாதத்தொகை ஒழுங்காகப் போன கிராமங்களில் பெண்கள் கிளம்பவே வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: வன்னியில் நடந்ததும் இதுதானே?
— வவுனியா

முடிவு ஒன்றாகத் தெரிந்தாலும் காரணம் வேறு. வன்னியில் 2008 செப்டம்பரில் உதவி அமைப்புகள் வெளியேற்றப்பட்டன. பிறகு மருந்து உள்ளே வருவது முழுக்க அனுமதியைப் பொறுத்தது. பணம் வைத்திருந்தவருக்கும் மயக்க மருந்தும் ரத்தப்பையும் கிடைக்கவில்லை. 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியே காயமுற்றவர்களும் உறவினர்களுமாக ஏறத்தாழ 14,000 பேரை வெளியே கொண்டுவந்தது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு அவர்களுக்குச் சிகிச்சையளித்தது. அது முற்றுகை. ஏமனில் தஇஸ் நகரம் சில காலம் அந்த நிலையைக் கண்டது. மற்றபடி அங்கே கடையில் மருந்து இருந்தது, வாங்கத்தான் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் தீர்வும் தவறிப்போகும்: முற்றுகையில் வழி திறக்க வேண்டும், ஏமன் போன்ற இடத்தில் வழி திறந்த மறுநாளும் ஏழை வீட்டிலேயே இருப்பான்.

கேள்வி: எது உண்மையில் வேலை செய்தது?
— குன்னூர்

கையில் கொடுத்த பணம். 2015-ல் நின்றுபோன அரசு சமூகநல நிதியின் பட்டியலையே வைத்து, உலக வங்கிப் பணத்தில் யுனிசெஃப் 2017 ஆகஸ்டிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் குடும்பங்களுக்குத் தொகை கொடுத்தது. பழைய பட்டியல் என்பதால் போரில் இடம்பெயர்ந்து புதிதாக ஏழையானவர்கள் விடுபட்டார்கள். அந்தக் குறை பெரியதுதான். ஆனாலும் பணம் மளிகைக்கடனுக்கும் மருந்துக்கும் போனது.

சத்துக்குறைவுக் குழந்தைகளுக்கும் இதே பாடம். மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் கடும் சத்துக்குறைவு. 92 கிராம், 500 கலோரி கொண்ட நிலக்கடலைப் பசைப் பொட்டலம் நாளைக்கு இரண்டு மூன்று என்று ஆறு முதல் எட்டு வாரம், ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 150 பொட்டலம். சிகிச்சை இலவசம். ஆனால் வாரந்தோறும் எடை பார்க்க வர வேண்டும். மூன்றாவது வாரம் வராமல் நின்றுவிடும் தாய்க்கு அக்கறை இல்லையென்று நினைக்க வேண்டாம்; போக்குவரத்துக் காசு கொடுத்த மையங்களில் அவர்கள் வந்தார்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளும் பசித்திருந்தால் அந்தப் பொட்டலம் பங்கிடப்படும், குழந்தைக்கு எடை ஏறாது. அந்த வீட்டுக்கு அரிசியோ மாவோ சேர்த்துக் கொடுத்தால்தான் பொட்டலம் உரிய வாய்க்குப் போகும். 2023 டிசம்பரில் வடக்கில் உலக உணவுத் திட்டம் பொது உணவு விநியோகத்தை நிறுத்தியது இந்த இடத்தில்தான் அடித்தது.

கேள்வி: எங்கள் சங்கத்தில் மருந்து சேகரித்து அனுப்பலாம் என்று இருக்கிறோம். என்னென்ன அனுப்பலாம்?
— சென்னை

வீடுகளில் மிஞ்சிய மருந்தைச் சேகரிக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை விதிப்படி, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும், பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் பொதுப்பெயர் அச்சிட்டிருக்க வேண்டும். பிரித்த அட்டை, மாதிரி மருந்து எதுவும் கூடாது. இவற்றைப் பிரித்து அழிக்கும் செலவும் அங்குள்ள ஆஸ்பத்திரியின் தலையில் விழும்.

இன்சுலினைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பரவலாக விற்பது மில்லிக்கு 40 யூனிட் பாட்டில். அதற்கான சிரிஞ்சும் தனி. அங்கே புழங்குவது மில்லிக்கு 100 யூனிட். நம் பாட்டிலை 100 யூனிட் சிரிஞ்சில் 40 கோடுவரை எடுத்தால் உடம்பில் போவது 16 யூனிட்தான். நம் சிரிஞ்சில் அவர்களுடைய மருந்தை 40 கோடுவரை எடுத்தால் 100 யூனிட் போய், சர்க்கரை அடியோடு இறங்கி உயிருக்கு ஆபத்து. ஆகவே பாட்டிலும் வேண்டாம், சிரிஞ்சும் வேண்டாம்.

பணமாகத் திரட்டி, அங்கே களத்தில் ஆஸ்பத்திரி நடத்தும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நோயாளியின் வண்டிச் செலவைக் கொடுக்கிறீர்களா? உள்ளூர் ஊழியர்களுக்கு மாதாமாதம் தொகை போகிறதா? வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஆம்புலன்ஸ் டீசல் யார் போடுகிறார்கள்? இந்த மூன்றுக்கும் கணக்கோடு பதில் சொல்லும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.